சென்டர் பேரிங் தேய்ந்த லாரிக்கு எந்த மாற்று தகும்?

லோடு ஏற்றிய லாரி சுங்கச்சாவடியில் நின்று மீண்டும் நகரும்போது, முதல் கியரில் கேபின் தரை முழுவதும் உதறுகிறது. வேகம் இருபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டியதும் உதறல் அடங்கிவிடுகிறது. காலியாக ஓடும்போது இதே வண்டியில் ஒன்றும் தெரிவதில்லை. ஓட்டுநர் இரண்டு நடை பொறுத்துக்கொள்கிறார், மூன்றாம் நடையில் உரிமையாளரிடம் சொல்கிறார், உரிமையாளர் பட்டறைக்கு அனுப்புகிறார், அங்கே ஒருவர் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "சென்டர் பேரிங் ரப்பர் போயிடுச்சு" என்கிறார். எஞ்சின் விசையைப் பின்னச்சுக்குக் கொண்டுசெல்லும் ஷாஃப்ட்டை நடுவில் தாங்கும் பேரிங் அது. முடிவெடுக்க வேண்டிய நேரம் அதுதான். ரப்பரை மட்டும் மாற்றலாம். பேரிங்கை மட்டும் மாற்றலாம். ரப்பர், பேரிங், பிராக்கெட் மூன்றும் சேர்ந்த அசெம்பிளியை வாங்கலாம், அதிலும் வண்டிக் கம்பெனியின் பெயரில் வரும் கம்பெனிப் பொருளா, மற்றவர்கள் விற்கும் வெளிப்பொருளா என்ற கேள்வி உண்டு. வண்டி உடைக்கும் கடையில் பழையதைத் தேடலாம். அல்லது ஷாஃப்ட்டை முழுவதுமாக இறக்கி, கிராஸ் (ஷாஃப்ட் துண்டுகளைக் கோணமாகத் திரும்ப விடும் சிலுவை வடிவ இணைப்பு) முதல் பேலன்ஸ் வரை எல்லாவற்றையும் ஒரே முறையில் பார்த்துவிடலாம். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் லாரி வைத்திருப்பவர்களில் இந்தக் கேள்வியைச் சந்திக்காதவர் குறைவு. நெடுங்காலமாக வண்டி வைத்திருப்பவன் என்ற முறையில், இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எந்த வண்டிக்கு எது தகும் என்று எழுதுகிறேன்.

முதலில் இந்த உறுப்பு எதற்காக இருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் மாற்றும் வழியைத் தேர்ந்தெடுப்பதில் அதுவே அடிப்படை. கியர்பாக்ஸிலிருந்து பின்னச்சுக்கு விசையைக் கொண்டுசெல்லும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை நீள வண்டிகளில் ஒரே குழாயாகச் செய்ய முடியாது. எந்தக் குழாயும் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுற்றும்போது நடுவில் வில்லாக வளைந்து வீசத் தொடங்கும். நீளம் இரண்டு மடங்கானால் அந்த எல்லை வேகம் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடும். 90 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 5 மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகுக் குழாய் ஒன்றரை மீட்டர் நீளம் இருந்தால், கணக்குப்படி அதன் எல்லை வேகம் நிமிடத்துக்குச் சுமார் 6,400 சுற்று. அதே குழாய் மூன்று மீட்டரானால் சுமார் 1,600 சுற்றுதான். 10.00-20 டயரும் ஆறுக்கு ஒன்று என்ற கிரவுன் விகிதமும் (பின்னச்சின் பல்சக்கர விகிதம்) உள்ள லாரி மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது ஷாஃப்ட் ஏறத்தாழ 1,900 சுற்று சுற்றுகிறது. அதாவது மூன்று மீட்டர் குழாய் அந்த வேகத்துக்கு வருவதற்கு முன்பே வளைந்து வீசத் தொடங்கியிருக்கும். அதனால்தான் ஷாஃப்ட்டை இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டி, துண்டுகள் சேரும் இடத்தில் சேஸிஸின் குறுக்குச் சட்டத்தோடு ஒரு பேரிங்கைக் கட்டித் தாங்க வைக்கிறார்கள். அந்தப் பேரிங்கைச் சுற்றியுள்ள ரப்பர், ஷாஃப்ட்டின் அதிர்வு சேஸிஸுக்குப் போகாமல் தடுக்கிறது. பள்ளம் மேடுகளில் சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும்போது பேரிங் கோணலாக நெரிபடாமல் இடம் கொடுக்கிறது. அந்த 60 கிலோமீட்டர் வேகத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடும் வண்டியில் அந்த ரப்பர் ஏறத்தாழ ஒன்பது லட்சம் சுற்றின் அதிர்வை வாங்கிக்கொள்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், அது கடைசியில் கிழிவதில் வியப்பில்லை.

கிழிந்தது அந்த ரப்பர்தான் என்று எப்படி உறுதி செய்வது? இதில்தான் அதிகப் பணம் வீணாகிறது. சில ஆண்டுகளுக்கு முன் என் பத்துச் சக்கர வண்டி ஒன்றில் மேலே சொன்ன உதறல் வந்தபோது, அது கிளட்ச் உதறல் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள்; கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் இரண்டையும் மாற்றினோம். இரண்டு நாள் வண்டி நின்றது. சேலத்திலிருந்து பெங்களூருக்கு லோடு ஏற்றிப் போனபோது, தொப்பூர் ஏற்றத்தில் வண்டி ஊர்ந்து ஏறிய நேரம் முழுவதும் அதே உதறல் வந்தது. கிளட்ச் பெடலிலிருந்து காலை முழுவதும் எடுத்த பிறகும் உதறல் தொடர்ந்தது என்று ஓட்டுநர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. கிளட்ச் உதறல், பிளேட் முழுவதும் ஒட்டிக்கொள்ளும் வரைதான் இருக்கும். பெடலை முழுவதும் விட்டதும் நின்றுவிடும். சென்டர் பேரிங் ரப்பர் தளர்ந்ததால் வரும் உதறல், பெடலை விட்ட பிறகும், குறைந்த வேகத்தில் இழுவை இருக்கும் வரை நீடிக்கும். கோணமாக நிற்கும் கிராஸ் ஜாயிண்ட் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. இழுவை கூடக் கூட அந்தத் தள்ளல் கூடுகிறது. ரப்பர் நன்றாக இருந்தால் அதை அடக்கிவிடும், கிழிந்திருந்தால் ஷாஃப்ட் எழும்பி எழும்பி விழும். காலி வண்டியில் உதறல் தெரியாமல் போவதற்கும் இதுவே காரணம். இந்த ஒரு வேறுபாட்டை ஓட்டுநரிடம் கேட்டிருந்தால் அந்தக் கிளட்ச் செலவு மிஞ்சியிருக்கும். ஆகவே ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஓட்டுநரிடம் பேசுங்கள் என்பதை நான் எல்லோருக்கும் வலியுறுத்திச் சொல்வேன்.

மற்ற அறிகுறிகளும் அவ்வாறே தனித்தனியானவை. பேரிங்கின் குண்டுகள் தேய்ந்திருந்தால் உதறல் வராது, உறுமல் வரும். அது எஞ்சின் வேகத்தோடு மாறாமல் வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும். சமதளமான, ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் சில விநாடிகள் நியூட்ரலில் உருளவிட்டால் உறுமல் அப்படியே இருக்கிறதா என்று கேட்கலாம். இறக்கத்தில் ஒருபோதும் இதைச் செய்யக் கூடாது. கியர் மாற்றும்போதும் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதும் "டக்" என்று அடித்தால் கிராஸ் அல்லது ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டில் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் பற்கள் உள்ள பகுதி) தேய்ந்திருக்கிறது. ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மட்டும் நடுக்கம் வந்து, லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுபோல் இருந்தால், ஷாஃப்ட்டின் பேலன்ஸைச் சந்தேகிக்க வேண்டும். குழாயில் ஒட்டியிருந்த எடைத் துண்டு விழுந்திருக்கலாம், கல் அடித்துக் குழாய் ஒடுங்கியிருக்கலாம், சில வேளை தார் அப்பிக்கொண்டதே காரணமாக இருந்துவிடும். நின்ற இடத்தில் எஞ்சினை முறுக்கினாலே நடுக்கம் வந்தால் ஷாஃப்ட் பக்கம் போகவே வேண்டாம், எஞ்சின் மவுண்டிங்கைப் பார்க்கலாம்.

பிறகு வண்டிக்கு அடியில் போக வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போட்டு, கியரை நியூட்ரலில் வைத்துப் பார்ப்பது நல்லது. பேரிங் வளையத்தைச் சுற்றியுள்ள ரப்பரில் மேலும் கீழும் உள்ள இடைவெளியைக் கண்ணால் ஒப்பிட்டாலே பாதி தெரிந்துவிடும்: கீழ்ப்பக்கம் குறுகி மேல்பக்கம் அகன்றிருந்தால் ரப்பர் தொய்ந்துவிட்டது. ரப்பரின் மேல்தோலில் நூல்போன்ற வெடிப்பு இருப்பது வயதின் அடையாளம் மட்டுமே, அதற்காக மாற்ற வேண்டியதில்லை. கட்டைவிரலால் அழுத்தும்போது வெடிப்பு வாய் திறந்து மறுபக்க வெளிச்சம் தெரிந்தால் அது முடிந்துவிட்டது. ஒரு சிறிய கடப்பாறையைக் குறுக்குச் சட்டத்தில் ஊன்றி ஷாஃப்ட்டை மெல்ல நெம்பும்போது, ரப்பர் கொஞ்சம் அசைவது இயல்பு; அதைப் பார்த்துப் பயந்து நல்ல ரப்பரை மாற்றுபவர்களும் உண்டு. அசையக் கூடாதது பேரிங்கின் உள்வளையத்துக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையில்தான். கிராஸின் கப்புகளைச் சுற்றித் துருநிறத்தில் மெல்லிய பொடி படிந்திருந்தால், உள்ளே ஊசிப் பேரிங்குகள் கிரீஸ் இல்லாமல் அரைபடுகின்றன. குறுக்குச் சட்டத்தின் அடிப்பக்கத்தில் ஓரிடம் மட்டும் வெள்ளிபோல் மின்னினால், ஷாஃப்ட் அங்கே இடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வண்டியை அடுத்த நடைக்கு அனுப்பக் கூடாது. சென்டர் பேரிங் முற்றிலும் விட்டுப்போய் ஷாஃப்ட்டின் பின் துண்டின் முன்முனை கீழே விழுந்தால், ஓடும் வண்டியில் அது சாலையில் ஊன்றிக்கொள்ளும். பக்கத்தில் பிரேக் காற்றுக் குழாய்கள் இருக்கும் வண்டியில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இப்போது மாற்று வழிகளுக்கு வருகிறேன். ரப்பரை மட்டும் மாற்றுவது எல்லா வண்டியிலும் முடியாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சில அமைப்புகளில் ரப்பர் தனி வளையமாக பிராக்கெட்டுக்குள் உட்கார்ந்திருக்கும், கடையில் தனியாகக் கிடைக்கும். வேறு சிலவற்றில் ரப்பர் இரும்போடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கும், பிரிக்க முடியாது. பிரிக்கக்கூடிய அமைப்பில், ரப்பர் வளையத்தின் விலை அசெம்பிளியின் விலையோடு ஒப்பிடக் குறைவுதான். ஆனால் அந்த ரப்பரை முறையாக ஏற்றுவதற்கு, பின் துண்டைக் கழற்றி, முன் துண்டின் முனையில் உள்ள நட்டைத் தளர்த்தி, பிளாஞ்ச்சை (துண்டுகளைப் போல்ட்டால் சேர்க்கும் தட்டை) இழுத்தெடுத்து, பிராக்கெட்டையும் பேரிங்கையும் வெளியே கொண்டுவர வேண்டும். அசெம்பிளி மாற்றுவதற்கும் இதே வேலைதான். கூலியும் இதே, வண்டி நிற்கும் நேரமும் இதே. ஒரே உழைப்புக்குப் பிறகு, பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய பழைய பேரிங்கை மீண்டும் உள்ளே வைத்து மூடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பேரிங் ஆறு மாதத்தில் உறுமத் தொடங்கினால் மறுபடியும் ஷாஃப்ட் இறங்க வேண்டும். அப்போது மிச்சப்படுத்தியதாக நினைத்த தொகை கூலியிலேயே போய்விடும். செலவைக் கணக்கிடும்போது உதிரியின் விலையைப் பார்ப்பதைவிட, ஷாஃப்ட் எத்தனை முறை கீழே இறங்கப் போகிறது என்பதைப் பார்ப்பதுதான் சரியான கணக்கு. ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு நாள் வாடகை போகிறது, மாதத் தவணை மட்டும் நிற்பதில்லை.

ஆயினும் ரப்பர் மட்டும் போதும் என்று நான் ஒப்புக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு. அண்மையில் புதிய பேரிங் போட்ட வண்டியில், கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகி ரப்பர் மட்டும் ஊறிக் கெட்டிருந்தால், ஒழுகலை அடைத்துவிட்டு ரப்பரை மட்டும் மாற்றுவது நியாயம். உள்ளூரிலேயே மணலும் செங்கல்லும் அடிக்கும் வண்டிக்கும் அது பொருந்தும், ஏனென்றால் அது எங்கே நின்றாலும் பட்டறை பக்கத்தில்தான் இருக்கிறது. சாலையோரத்தில் ரப்பர் வளையத்தை ஒரு பக்கம் வெட்டி, ஷாஃப்ட்டைக் கழற்றாமலேயே சுற்றி ஏற்றுவதும், டயர் டியூப் துண்டுகளைச் சந்தில் திணித்துக் கட்டுவதும் வழக்கத்தில் இருக்கின்றன. ஆளில்லா நெடுஞ்சாலையில் நின்றுவிட்ட வண்டியை, லோடு இறக்கும் இடம்வரை மெதுவாகக் கொண்டுபோக அது உதவும். அதற்கு மேல் ஒரு நாளும் அதை நம்பக் கூடாது. டியூப் துண்டு திணித்த பேரிங்குக்கு அசைய இடமே இல்லை. அதிர்வு முழுவதும் குண்டுகளிலும் குறுக்குச் சட்டத்தின் ரிவெட்டுகளிலும் போய் இறங்கும்.

பேரிங்கை மட்டும் மாற்றுவது இதற்கு நேர் எதிரான நிலை. ரப்பர் நெகிழ்வோடு இருக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் போன வண்டியில் சீலைத் தாண்டி நீர் புகுந்து பேரிங் உறுமுகிறது என்றால், லேத்துப் பட்டறையில் பிரஸ் வைத்துப் புதிய பேரிங்கை ஏற்றலாம். செலவும் குறைவு, தரமான பேரிங்கை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்ற வசதியும் உண்டு. பழைய ரப்பரை இரும்பிலிருந்து கிழிக்காமல் பேரிங்கைத் தள்ளி எடுக்கத் தெரிந்த கை வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல்; சுத்தியலால் தட்டி எடுப்பவரிடம் இந்த வேலையைக் கொடுப்பதைவிட அசெம்பிளியே வாங்கிவிடலாம்.

அசெம்பிளி என்று முடிவெடுத்தவர் அடுத்து நிற்பது கம்பெனிப் பொருளா, வெளிப்பொருளா என்ற இடத்தில். விலை வேறுபாடு பெரிது, எனவே வெளிப்பொருளை எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். வாகன நிறுவனங்களுக்கே உதிரி கொடுக்கும் தயாரிப்பாளர்கள் தங்கள் பெயரிலும் அதே பொருளை விற்கிறார்கள். வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டுபோய் மூன்று அளவுகளை வைத்துப் பார்க்க வேண்டும்: பேரிங்கின் உள்விட்டம், போல்ட் துளைகளுக்கு இடையிலுள்ள தூரம், போல்ட் மட்டத்திலிருந்து பேரிங்கின் நடுப்புள்ளி வரையிலான உயரம். முதல் இரண்டும் தவறினால் பொருள் ஏறவே ஏறாது, ஆகவே ஏமாற வழியில்லை. மூன்றாவது தவறினால் பொருள் ஏறிவிடும், வண்டியும் ஓடும். கேடு அதில்தான் இருக்கிறது. 1,200 மில்லிமீட்டர் நீளமுள்ள முன் துண்டில், நடுப்புள்ளி 10 மில்லிமீட்டர் இறங்கினால் கோணம் ஏறத்தாழ அரை டிகிரி மாறிவிடும். முன் துண்டின் கோணத்தை ஒன்றரை டிகிரிக்குள் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம் என்னும்போது அரை டிகிரி சின்ன விஷயமல்ல. புதிய அசெம்பிளி போட்ட பிறகு, முன்பு இல்லாத உதறல் வந்துவிட்டது என்று சொல்லும் பலருக்கு இதுதான் காரணம். ரப்பரின் கடினத்தையும் பார்க்க வேண்டும்: இரண்டு பொருள்களையும் பக்கத்தில் வைத்து விரலால் உள்வளையத்தை அழுத்தினால், கல்போல் நிற்பதும் களிமண்போல் தொய்வதும் கைக்கே தெரியும், இரண்டுமே வேண்டாம். பேரிங்கின் வளையத்தில் தயாரிப்பாளர் பெயரும் எண்ணும் தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் மட்டும் பெரிய பெயர் இருந்து வளையம் வெறுமையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இந்த மூன்று சோதனைகளையும் செய்யத் தெரிந்தவர் வெளிப்பொருளில் நன்றாகவே வாங்கலாம். செய்ய நேரமில்லாதவர், குஜராத்துக்கோ அசாமுக்கோ போகும் வண்டி வைத்திருப்பவர், கம்பெனிப் பொருளையே வாங்கட்டும். விலையில் உள்ள அந்த வேறுபாடு, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி மொழி தெரியாத ஊரில் ஓட்டுநர் மூன்று நாள் நிற்காமலிருப்பதற்குக் கொடுக்கும் விலை. பாலியூரித்தேன் புஷ் என்று மஞ்சளாகவும் சிவப்பாகவும் வருவதை லாரிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆயிலுக்குத் தாங்கும் என்பது உண்மை, ஆனால் வழக்கமாக ரப்பரைவிட விறைப்பாக இருப்பதால் அதிர்வை அப்படியே சேஸிஸுக்குக் கொடுத்துவிடும். உடைப்புக் கடைப் பழைய பொருளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: பிராக்கெட் இரும்பு மட்டும் வேண்டுமென்றால் அங்கே போகலாம், ரப்பருக்கும் பேரிங்குக்கும் போக வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் முக்கியமாகக் கருதுவது, கழற்றிய பழைய ரப்பரை ஒரு நிமிடம் கையில் வைத்துப் படிப்பது. அது எப்படிக் கிழிந்தது என்பது, எந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதையே சொல்லிவிடும். ரப்பர் ஊதிப் பிசுபிசுவென்று இருந்தால் ஆயில் பட்டிருக்கிறது. மேலே எங்கோ ஒழுகல் இருக்கிறது. காய்ந்து மொறமொறவென்று உடைந்தால் அதன் ஆயுள் முடிந்தது, வேறு குற்றம் இல்லை. கீழ்ப்பக்கம் மட்டும் நசுங்கிக் கிழிந்திருந்தால் கோணமோ பேலன்ஸோ தவறியிருக்கிறது. ரப்பர் முன்னோக்கியோ பின்னோக்கியோ இழுபட்டு, புட்டியின் மூடியைத் திருகியதுபோல் ஒரு பக்கமாகக் கிழிந்திருந்தால், ஸ்ப்ளைன் இறுகிவிட்டது என்று உடனே சந்தேகிக்க வேண்டும். பின்னச்சு ஏறி இறங்கும்போது ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைய வேண்டும். அதற்காகத்தான் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் ஸ்ப்ளைன் இருக்கிறது. கிரீஸ் அடிக்காமல் விட்டு அது துருப்பிடித்து இறுகினால், ஒவ்வொரு பள்ளத்திலும் பின்னச்சு ஷாஃப்ட்டை நீளவாட்டில் தள்ளும். அந்தத் தள்ளல் முழுவதும் சென்டர் பேரிங் ரப்பரில் வந்து விழும். அத்தகைய வண்டியில் எந்தக் கம்பெனியின் அசெம்பிளியைப் போட்டாலும் நீடிக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு வண்டியில் ஒரே ஆண்டுக்குள் மூன்று அசெம்பிளிகள் மாறின. ஒவ்வொரு முறையும் பொருள் மட்டம் என்று கடைக்காரரைக் குறை சொன்னார்கள். மூன்றாவதைக் கழற்றியபோது, அந்தப் பட்டறையில் இருந்த வயதான மெக்கானிக் அண்ணன் பின் துண்டின் ஸ்ப்ளைனைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அது அசையவில்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, இரண்டு பேர் சேர்ந்து இழுத்த பிறகு வெளியே வந்த ஸ்ப்ளைன் பற்களில் செந்நிறத் துரு கெட்டியாகப் படிந்திருந்தது. கிரீஸ் நிப்பிள் இருந்தது, ஆனால் அதன் வாய் பெயிண்டால் அடைபட்டிருந்தது. பாடி கட்டியபோது அடித்த பெயிண்ட். அன்றிலிருந்து அந்த ஸ்ப்ளைனுக்குள் ஒரு பொட்டுக் கிரீஸ்கூடப் போகவில்லை. நிப்பிளை மாற்றி, பற்களைச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்துப் பூட்டிய பிறகு, நான்காவது அசெம்பிளி கிழியவில்லை.

ஆகவே ஷாஃப்ட்டை முழுவதுமாக இறக்கிப் பார்ப்பது என்ற கடைசி வழி, செலவில் பெரியதாக இருந்தாலும், மூன்று வகை வண்டிகளுக்கு அதுவே முதல் வழி என்று உறுதியாகச் சொல்வேன். ஓராண்டுக்குள் இரண்டாம் முறை சென்டர் பேரிங் கெட்ட வண்டி. சேஸிஸை நீட்டியோ ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டியோ அமைப்பை மாற்றிய வண்டி. கிராஸிலும் ஆட்டம் தெரியும் வண்டி. இவற்றில் கிராஸ்களை மாற்றி, ஸ்ப்ளைனைப் பார்த்து, குழாய் வளையாமல் நேராக இருக்கிறதா என்று சோதித்து, பேலன்ஸ் பார்க்கும் இயந்திரத்தில் ஏற்றி இறக்கிய பிறகுதான் புதிய அசெம்பிளியைப் போட வேண்டும். கோணத்தை அளக்கக் கைப்பேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலியே போதும்: கியர்பாக்ஸ் பிளாஞ்ச், முன் துண்டு, பின் துண்டு, ஹவுசிங் (பின்னச்சுக் கூடு) பிளாஞ்ச் நான்கிலும் வைத்து எழுதிக்கொண்டு, அடுத்தடுத்த இரண்டின் வேறுபாட்டைப் பார்த்தால் ஒவ்வொரு கிராஸின் கோணமும் கிடைத்துவிடும். காலியாக ஒரு முறை, லோடோடு ஒரு முறை அளக்க வேண்டும், ஏனென்றால் லோடு ஏறியதும் சேஸிஸ் இறங்கிப் பின் துண்டின் கோணம் மாறிவிடுகிறது. ஆட்டமில்லாத கிராஸும், சரளமாக வழுக்கும் ஸ்ப்ளைனும், முதல் முறையாகக் கெட்ட ரப்பரும் உள்ள வண்டிக்கு இவ்வளவும் தேவையில்லை. அசெம்பிளி மட்டும் போதும்.

எந்த வழியை எடுத்தாலும் பொருத்தும்போது செய்யும் பிழை நல்ல பொருளையும் கெடுத்துவிடும் என்பதால் அதையும் சொல்ல வேண்டும். ஷாஃப்ட்டைக் கழற்றிவிட்டால் கியரில் போட்டு வண்டியைப் பிடித்து நிறுத்த முடியாது. கியர்பாக்ஸின் பின்னால் ஹேண்ட் பிரேக் டிரம் உள்ள சில இலகு லாரிகளில் ஹேண்ட் பிரேக்கும் பயனற்றுப் போகும். கட்டை போடாமல் ஒரு போல்ட்டையும் தொடக் கூடாது. கழற்றுவதற்கு முன் பிளாஞ்ச்சுகளிலும் ஸ்ப்ளைனின் இரு பகுதிகளிலும் பெயிண்டாலோ உளியாலோ அடையாளம் வைக்க வேண்டும். ஒரு துண்டின் இரு முனைகளிலும் உள்ள யோக்குகள் (கிராஸைப் பிடிக்கும் கவை போன்ற முனைகள்) ஒரே தளத்தில் நிற்க வேண்டிய அமைப்பில், ஸ்ப்ளைனை ஒரு பல் தள்ளிப் பூட்டினாலும் ஒரு ஜாயிண்ட்டின் ஏற்ற இறக்கத்தை மற்றொன்று சரிக்கட்டாது, வண்டி அன்றே உதறத் தொடங்கும். பிராக்கெட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் தகடுகள் இருந்தால், எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதிவைத்து அப்படியே திரும்ப வைக்க வேண்டும். பேரிங்கை ஷாஃப்ட்டில் ஏற்றும்போது அழுத்தம் உள்வளையத்தில் மட்டுமே விழ வேண்டும். வெளிவளையத்தில் சுத்தியல் பட்டால் குண்டுகள் ஓடும் பாதையில் குழிகள் விழுந்து, புதிய பேரிங்கே உறுமும். சூடாக்கி ஏற்றுவது பழைய பழக்கம், ஆனால் இரு பக்கமும் சீல் உள்ள பேரிங்கை 80 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் சீலும் உள்ளிருக்கும் கிரீஸும் கெடும். கேஸ் வெல்டிங் தீயைக் காட்டுவது அந்த எல்லையை நொடியில் தாண்டிவிடும். பிராக்கெட் போல்ட்டுகளை முதலில் கையளவுக்கு மட்டும் முடுக்கி, எல்லா பிளாஞ்ச்சுகளையும் பூட்டி, வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி, ரப்பர் இயல்பான இடத்தில் உட்கார்ந்த பிறகே தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முடுக்க வேண்டும். முனை நட்டும், சுயமாக இறுகும் பிளாஞ்ச் நட்டுகளும் ஒரு முறை கழற்றினால் புதியதாகவே போடப்பட வேண்டும்.

முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மீதும் போல்ட்டின் மீதும் சேர்த்து ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு இழுத்துவிடுங்கள். முதல் லோடு நடை முடிந்து வண்டி வந்ததும் ஓட்டுநர் குனிந்து பார்த்தால் போதும்: கோடு முறியாமல் நேராக இருந்தால் வண்டியை அடுத்த லோடுக்கு அனுப்பலாம், முறிந்திருந்தால் அந்த நட்டை அங்கேயே முடுக்கிவிட்டு, அது ஏன் தளர்ந்தது என்று பார்த்த பிறகு அனுப்ப வேண்டும்.